ஹாலில் நிற்கும் சைக்கிளும் அதில் காயும் துணியும்

வீட்டுக்குள்ளேயே சைக்கிள் மிதிக்கலாம் என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், இரண்டு கோஷ்டிகள் கிளம்பி வந்துவிடும். முதல் கோஷ்டி சிரிக்கும். "ரோடு எதுக்குய்யா போட்டு வெச்சிருக்கான்? நகராத சைக்கிளுக்குப் பன்னிரண்டாயிரமா?" இரண்டாவது கோஷ்டி சிரிக்காது, பட்டியல் நீட்டும். ஸ்மார்ட் டிரெய்னர், டைரக்ட் டிரைவ், பவர் மீட்டர், மாதச் சந்தா செயலி, அதை ஓட்ட ஒரு டேப்லெட், கீழே விரிக்க ஒரு ரப்பர் பாய். "இதெல்லாம் இல்லாம மிதிச்சா வேஸ்ட் பாஸ்" என்று முடிக்கும்.

இந்த இரண்டு கோஷ்டியும் குமராட்சி பக்கம் ஒரு வீட்டுக்குள் எட்டிப் பார்த்ததில்லை என்பதுதான் பிரச்சினை.

சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் போகிற ரோட்டில் உள்ள ஊர்களில் நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய ஒரு அம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை இருக்கிறது. கொஞ்சம் பிரஷரும். மாத்திரை வீட்டுக்கே வருகிறது (2021 ஆகஸ்டில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், அந்த அளவில் நல்ல காரியம்). டாக்டர் ஒவ்வொரு முறையும் சொல்வது ஒரே வரி: "தினமும் அரை மணி நேரம் நடங்கம்மா." அந்த அம்மாவும் ஒவ்வொரு முறையும் "சரிங்க சார்" என்கிறார். நடப்பதில்லை.

ஏன் நடப்பதில்லை? சோம்பேறித்தனம் என்று பிள்ளைகள் சொல்வார்கள். எங்கே நடப்பது? காலையில் இருட்டு, நாய். அப்புறம் சமையல். வெயில் ஏறினால் ரோட்டில் நிழல் கிடையாது. சாயங்காலம் பஸ், டிராக்டர், அறுவடை நேரமாயிருந்தால் ரோட்டை அடைத்துக்கொண்டு வருகிற அறுவடை மெஷின், ஓரத்தில் காயப்போட்ட நெல். ஐப்பசி, கார்த்திகையில் மழைத் தண்ணீர். இதெல்லாம் தாண்டி நடந்தாலும், "என்னக்கா, சும்மா நடக்குறீங்க, எங்க கெளம்பிட்டீங்க?" என்று நாலு பேருக்குப் பதில் சொல்ல வேண்டும். காரணமில்லாமல் ஒரு பெண் நடப்பதற்கு நம்மூரில் இன்னும் காரணம் கேட்கிறார்கள். ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டீக்கடை வரை போய் வந்தால் அது வாக்கிங். பெண்கள் போனால் அது விசாரணை.

ஆக, "ரோடு இருக்கும்போது ஹாலில் ஏன்" என்று சிரிக்கிற முதல் கோஷ்டியில் ஏறக்குறைய எல்லோரும் ஆண்கள் என்பது தற்செயல் இல்லை.

இன்னும் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம். இதே தமிழ்நாட்டில்தான் 1991-92ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்த்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதைப் பற்றி எழுதியது பாடப்புத்தகத்திலும் இடம்பெற்றது. கல்குவாரியில் வேலை செய்த பெண்கள், கூலிக்குப் போன பெண்கள், அங்கன்வாடி ஊழியர்கள் எல்லோரும் ஓட்டினார்கள். யாரும் வாட்ஸ் கணக்குப் பார்க்கவில்லை. பிறகு 2001-02ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு என்று இலவச சைக்கிள் வந்தது. 2005-06ல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்கள் எல்லோருக்கும் என்று அது விரிந்தது. இருபது வருஷத்துக்கும் மேலாக வீட்டுக்கு வீடு சைக்கிள் கொடுத்திருக்கிறார்கள்.

அந்த சைக்கிளெல்லாம் எங்கே? பிளஸ் டூ முடிந்ததும் தம்பியிடம் போனது, அப்பா எடுத்துக்கொண்டார், இல்லாவிட்டால் மாட்டுக்கொட்டகை ஓரமாக டயரில் காற்றில்லாமல் சாய்ந்து கிடக்கிறது. அதை ஓட்டிய பெண்ணோ கல்யாணமாகிப் போனவுடன் சைக்கிளை மறந்துவிட வேண்டும் என்பது எழுதாத சட்டம். பதினாறு வயதில் ஆறு கிலோமீட்டர் மிதித்துப் பள்ளிக்கூடம் போன அதே கால்கள்தான் இப்போது "முட்டி வலிக்குது" என்று உட்கார்ந்திருக்கின்றன. இவர்களுக்குச் சைக்கிள் புதுசு இல்லை. கேட்பதெல்லாம் யாரும் பார்க்காத ஒரு மூலையில் மிதிப்பதற்கு ஓர் இடம். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

2023ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். இந்தியாப் ஆய்வின்படி நாட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஏறக்குறைய 10.1 கோடி. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான உடற்பயிற்சி. தசை வேலை செய்யும்போது ரத்தத்தில் உள்ள சர்க்கரையை இன்சுலினின் தயவு இல்லாமலே கூட இழுத்துக்கொள்ளும். இதற்கு ரோடு வேண்டும் என்று எந்த உடற்கூறு புத்தகத்திலும் போட்டிருக்கவில்லை. கால் சுற்றினால் போதும்.

சரி, முதல் கோஷ்டி போகட்டும். அவர்களால் காசு நஷ்டம் இல்லை. இரண்டாவது கோஷ்டிதான் ஆபத்து.

ஸ்மார்ட் டிரெய்னர் என்பது என்ன? பந்தய சைக்கிளின் பின் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, சங்கிலியை நேராக மாட்டுகிற ஒரு கனமான இயந்திரம். திரையில் மலை வந்தால் மிதிப்பது கடினமாகும், இறக்கம் வந்தால் லேசாகும். அமெரிக்காவின் வாஹூ கம்பெனி 2012ல் கிக்கர் என்று ஒன்றை இறக்கியது. நெதர்லாந்தின் டாக்ஸ் கம்பெனியை 2019ல் கார்மின் வாங்கியது. 2014ல் ஸ்விஃப்ட் என்ற செயலி வந்தது, மிதிக்க மிதிக்கத் திரையில் உங்கள் பொம்மை ஓடும். கொரோனா வருஷத்தில் உலகமே வீட்டுக்குள் அடைந்தபோது இது உச்சத்துக்குப் போனது. 2020 ஜூலையில் டூர் டி பிரான்ஸ் வீரர்களே இதில் ஓட்டினார்கள். அந்த டிசம்பரில் சைக்கிள் மின்விளையாட்டுக்கு முதல் உலகப் பட்டமே வைத்தார்கள். ஆண்கள் பிரிவில் ஜெயித்தவர் ஜேசன் ஆஸ்போர்ன், ஜெர்மனிக்காரர், தொழில் என்னவென்றால் துடுப்புப் படகு! அவரே அடுத்த வருஷம் டோக்கியோ ஒலிம்பிக்கில் படகில் வெள்ளி வாங்கினார். அப்புறம் நிஜ சைக்கிள் அணியிலும் சேர்ந்தார். அசத்தலான சமாச்சாரம்தான், மறுக்க முடியாது.

ஆனால் இது யாருக்காகச் செய்த பொருள்? நாலைந்து மாசம் பனி கொட்டுகிற ஊரில், வசந்த காலத்துப் பந்தயத்துக்குத் தயாராகிறவனுக்காக. அவனுக்கு 212 வாட்டுக்கும் 218 வாட்டுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும். சர்க்கரை 240லிருந்து இறங்க வேண்டிய ஒரு அம்மாவுக்கு அந்த ஆறு வாட்டால் என்ன பிரயோஜனம்? மிதிக்கும்போது பேச முடிகிறது, பாட்டுப் பாட முடியவில்லை என்றால் அது மிதமான வேகம். ரெண்டு வார்த்தைக்கு மேல் பேச முடியவில்லை என்றால் அதிகம். இந்த மீட்டர் ஓசி.

காமர்ஸ் படிக்கிறவர்கள் மூன்றாம் பேர் காசில் மயங்கக் கூடாது, கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு பேச்சுக்கு இப்படி வைத்துக்கொள்வோம். டிரெய்னர் 55,000, அதில் மாட்ட கியர் சைக்கிள் 40,000. ஐந்து வருஷ ஆயுள், கடைசியில் கழிவு மதிப்பு 15,000. நேர்கோட்டு முறையில் வருஷத் தேய்மானம் 16,000. ஸ்விஃப்ட் சந்தா 2024ல் 14.99 டாலரிலிருந்து 19.99 டாலராக ஏறியது, நம் பணத்தில் மாசம் 1,700 என்றாலும் வருஷத்துக்கு 20,400. மொத்தம் 36,400. வாரம் ஐந்து நாள், தினம் அரை மணி என்று ஒழுங்காக மிதித்தால் வருஷத்துக்கு 130 மணி நேரம். மணிக்கு 280 ரூபாய். இது ஒழுங்காக மிதித்தால்! எட்டு வாரத்தில் அலுத்துப்போய், சந்தாவையும் நிறுத்திவிட்டால், 20 மணி நேரத்துக்கு 19,400. மணிக்கு 970 ரூபாய்க்குத் துணி காயப்போட ஒரு கொடி.

இதே கணக்கில் 12,000 ரூபாய்க்கு ஒரு சாதாரண காந்தத் தடை எக்சர்சைஸ் சைக்கிள், நாலு வருஷம், கழிவு 2,000 என்று வைத்தால் மணிக்கு 19 ரூபாய் சொச்சம். உடம்புக்குள் நடக்கிற வேலை இரண்டிலும் ஒன்றுதான்.

"இல்லை, செயலி இருந்தால்தான் ஆர்வம் வரும்" என்பார்கள். வரும், கொஞ்ச நாளைக்கு. ஆனால் செயலி என்பது வாங்குகிற பொருள் இல்லை, வாடகை வீடு. வீட்டுக்காரன் எப்போது வேண்டுமானாலும் வாடகையை ஏற்றுவான், காலி பண்ணவும் சொல்வான். வாஹூ வாங்கி நடத்திய ஆர்.ஜி.டி. என்ற செயலி 2023 அக்டோபர் கடைசியோடு இழுத்து மூடப்பட்டது. பெலோட்டன் கதை இன்னும் சுவாரசியம். சைக்கிளோடு திரையையும் மாதச் சந்தாவையும் கட்டி விற்ற அந்தக் கம்பெனியின் பங்கு 2021 ஜனவரியில் 160 டாலரைத் தாண்டியது. 2022 பிப்ரவரியில் 2,800 பேரை வேலையை விட்டு அனுப்பியது, தொடங்கியவரே தலைமைப் பதவியிலிருந்து இறங்கினார், அந்த வருஷ முடிவுக்குள் பங்கு 10 டாலருக்கும் கீழே போய்விட்டது. 2024ல் என்ன செய்தார்கள் தெரியுமா? அமெரிக்காவில் செகண்ட் ஹேண்டாக ஒருவரிடமிருந்து சைக்கிள் வாங்கினால் கூட, அதை உயிர்ப்பிக்கக் கம்பெனிக்கு 95 டாலர் கட்ட வேண்டும் என்று விதி போட்டார்கள். காசு கொடுத்து வாங்கி, வியர்வை சிந்தி மிதித்து, விற்கும்போதும் அவனுக்கு ஒரு கப்பம். ரேஸரைக் கொடுத்து பிளேடில் சம்பாதிக்கிற பழைய வித்தைதான், பேர் மட்டும் புதுசு.

செயலி இருந்தே தீர வேண்டும் என்று அடம்பிடிக்கிற பையன்களுக்கு (நிஜமாகவே பந்தயம் ஓட்டுகிறவர்கள் கடலூர், பாண்டிச்சேரி பக்கம் இருக்கிறார்கள், அவர்களுக்கு இது நியாயமான செலவு) ஒரு விஷயம். மைவூஷ் என்ற அபுதாபி செயலி இலவசம், 2024 உலகப் பட்டப் போட்டியே அதில்தான் நடந்தது. கோல்டன் சீட்டா என்ற திறந்தமூல மென்பொருளுக்கும் காசு கிடையாது. இயந்திரம் வாங்கும்போது எஃப்.டி.எம்.எஸ். என்ற பொதுவான புளூடூத் முறை இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். இருந்தால் எந்தச் செயலியோடும் பேசும். கம்பெனியின் சொந்தச் செயலியில் மட்டும் ஓடும் என்று கடைக்காரர் மழுப்பினால் வெளியே வந்துவிடலாம்.

இப்போது இந்தக் கட்டுரையின் உண்மையான வில்லன். சிங்கப்பூரிலோ சென்னையிலோ இருந்துகொண்டு, அம்மாவுக்கு என்று ஆன்லைனில் ஒரு பெரிய பெட்டியை ஆர்டர் பண்ணும் அன்பு மகன். பாசத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் பெட்டி வருகிறது, பக்கத்து வீட்டுப் பையன் யூடியூப் பார்த்து மாட்டித் தருகிறான், திரை முழுக்க ஆங்கிலம், உள்ளே நுழைய மகனின் மெயிலும் பாஸ்வேர்டும். அம்மா மூன்று நாள் மிதிக்கிறார். நாலாம் நாள் கறுப்புத் திரை. "டேய், அது என்னமோ கேக்குதுடா." "இருங்கம்மா, மீட்டிங்ல இருக்கேன்." அவ்வளவுதான், ஐந்தாம் நாள் அதன் கைப்பிடியில் ஈரத்துண்டு.

யாருக்கு வாங்குகிறோமோ அவர் உட்கார்ந்து பார்த்து வாங்க வேண்டும். சிதம்பரத்துக்கோ கடலூருக்கோ கூட்டிக்கொண்டு போங்கள், ஒரு நாள் பஸ் செலவு. முட்டி வலி உள்ளவரால் காலைத் தூக்கி அந்தப் பக்கம் போட முடியாது, நடுவில் குறுக்குக் கம்பி தாழ்வாக இருக்கிறதா பாருங்கள். உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அப்போதுதான் முன்பாதத்தால் மிதிக்கும்போது முட்டியில் லேசான மடிப்பு மட்டும் இருக்கும். சீட்டை அந்த உயரத்துக்கு ஏற்ற முடியாத மெஷின் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம், முட்டி வலிக்குப் பாதிக் காரணம் தாழ்ந்த சீட்டுதான். கைப்பிடி ஆடுகிற ஏர் பைக்கில் முன்னால் காற்றாடிதான் தடை, வேகமாக மிதித்தால் தானாகக் கடினமாகும், சத்தமும் போடும். ஸ்பின் பைக் என்பதில் கனமான சக்கரம் பெடலோடு பிணைந்தது, காலை நிறுத்தினாலும் பெடல் சுற்றும். சின்னப் பிள்ளைகள் தவழுகிற வீட்டில் அது வேண்டவே வேண்டாம். திரையில் வருகிற கலோரி எண்ணை நம்பாதீர்கள். மலிவான மெஷின்கள் பெரும்பாலும் எத்தனை சுற்று என்று மட்டும்தான் எண்ணும், எவ்வளவு கஷ்டப்பட்டு மிதித்தீர்கள் என்று அதற்குத் தெரியாது.

புடவை, நைட்டி சமாச்சாரத்தை எந்த விளம்பரமும் பேசுவதில்லை. கிராங்க் பக்கம் முழுக்க மூடியிருக்க வேண்டும். விளம்பரத்தில் வருகிற பெண் இறுக்கமான கால்சட்டையில் மிதிக்கிறாள், இங்கே மிதிக்கப் போகிறவர் அப்படி இல்லை.

அப்புறம் கரண்ட். ஸ்மார்ட் டிரெய்னருக்குப் பிளக் வேண்டும். 2011 டிசம்பர் 30ந் தேதி தானே புயல் கடலூர் மாவட்டத்தை அடித்துப்போட்டபோது பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. அவ்வளவு தூரம் போவானேன், சாதாரண மழைக்கே என்ன நடக்கும் என்று டெல்டாக்காரர்களுக்குத் தெரியும். குமிழைத் திருகினால் காந்தம் கிட்டே வந்து தடை ஏறும் சாதா மெஷினுக்கு இந்தத் தலைவலி இல்லை, திரைக்கு இரண்டு பேட்டரி போதும்.

கரண்ட் வேண்டியது ஃபேனுக்கு. ரோட்டில் ஓட்டும்போது எதிர்க்காற்று உடம்பை ஆற்றும். ஹாலில் அது கிடையாது. நம் உடம்பு செலவழிக்கிற சக்தியில் கால்வாசிக்கும் குறைவாகத்தான் பெடலுக்குப் போகிறது, மீதியெல்லாம் சூடு. கடலோரப் புழுக்கத்தில் அந்த வியர்வை உலரவும் செய்யாது. ஆயிரம் ரூபாய் கூடுதலாக இருந்தால் அதை மெஷினில் போடாமல் நேரே நெஞ்சில் அடிக்கிற மாதிரி ஒரு டேபிள் ஃபேனில் போடுங்கள். கத்திரி வெயிலில் காலை ஆறுக்குள் முடித்துவிட வேண்டும்.

பன்னிரண்டாயிரமும் இல்லையா? மாட்டுக்கொட்டகை ஓரத்து இலவச சைக்கிளை எடுங்கள். பழைய பெரிய சைக்கிளில் பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்துகிற இரட்டைக்கால் ஸ்டாண்டு இருக்குமே, அதைப் போட்டுவிட்டு ஏறி உட்கார்ந்து மிதிக்காத பிள்ளை தமிழ்நாட்டில் உண்டா? வாஹூவுக்கு முன்பே நம்மூரில் டிரெய்னர் இருந்தது. குறை என்னவென்றால் தடை இல்லை, சக்கரம் சும்மா சுற்றும். டைனமோவைச் சாய்த்து விட்டாலும் அது 6 வோல்ட், 3 வாட் சாமான், காலுக்குப் பெரிதாகத் தெரியாது. அந்த ஸ்டாண்டும் மணிக்கணக்காக மிதிக்கச் செய்ததில்லை, எழுந்து நின்று அழுத்தினால் சாயும். ஆனால் பின் அச்சைக் கவ்விப் பிடித்து, டயரில் ஓர் உருளையை அழுத்துகிற சாதாரண காந்த டிரெய்னர் ஒன்று வாங்கி அதே சைக்கிளை மாட்டலாம். வாங்கும் முன் கேட்க வேண்டியது, நட்டு போட்ட அச்சுக்கு அடாப்டர் உண்டா, இந்தச் சக்கர அளவுக்குப் பொருந்துமா என்பதுதான். கேரியர் கம்பியும் ஸ்டாண்டும் இடித்தால் கழற்ற வேண்டியிருக்கும், ஊர் சைக்கிள் கடைக்காரர் அரை மணி நேரத்தில் செய்துவிடுவார். (2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. 12லிருந்து 5 சதவீதமாகிவிட்டது. புதுசாகத்தான் வேண்டும் என்பவர்களுக்கு அதுவும் ஒரு ஆறுதல்.)

இவ்வளவு பார்த்துப் பார்த்து வாங்கினாலும் ஒன்று மிச்சமிருக்கிறது, நேரம். காலை ஐந்தரையிலிருந்து ஆறு வரை அந்த அம்மா மிதிக்க வேண்டுமென்றால், அந்த அரை மணி நேரத்தில் டீ போடுவது யார், வாசல் தெளிப்பது யார், தண்ணீர் பிடிப்பது யார்? மெஷினுக்கு இ.எம்.ஐ. கட்டுகிற மகனும், பேப்பர் படிக்கிற அப்பாவும், பி.காம். மூன்றாம் வருஷம் படிக்கிற பிள்ளையும் இதற்கு ஒரு பதில் சொல்லாமல் எந்த மெஷின் நல்லது என்று விமர்சனம் தேடிக்கொண்டிருப்பது சுத்த ஏமாற்று வேலை. குடும்பத்தில் ஒருவன் அடுப்படிக்குப் போகத் தயாராக இருந்தால் பழைய சைக்கிளே போதும். யாரும் தயாராக இல்லை என்றால் லட்ச ரூபாய் மெஷினிலும் துணிதான் காயும்.

ஆரம்பிக்கும்போது பத்து நிமிஷம், தடையே இல்லாமல். வாரத்துக்கு ஐந்து நிமிஷம் கூட்டினால் ஒரு மாசத்தில் அரை மணி நேரம் வந்துவிடும். இன்சுலினோ கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ எடுப்பவர்களுக்கு மிதிக்கும்போது சர்க்கரை சட்டென்று இறங்கலாம், ஆகவே முதலில் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். கை எட்டும் தூரத்தில் கொஞ்சம் சர்க்கரையோ மிட்டாயோ இருக்கட்டும். வெறுங்காலில் மிதிக்க வேண்டாம், பெடலின் முனை கீறினால் சர்க்கரைக்காரர்களுக்குப் புண் ஆறாது. பின்வார் வைத்த செருப்பு போதும். முடித்தபின் பாதத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, கைப்பிடியில் சிந்திய வியர்வையைத் துணியால் துடைத்துவிட வேண்டும். உப்பு பட்டால் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும், அதுவும் கடற்கரை மாவட்டத்தில்.